பல்லைப் பிடித்துப் பார்த்தல்

மாடு வாங்கப் போகிறவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். கொம்பின் வளைவும் தோலின் மினுக்கமும் கண்ணைக் கவரலாம். வயதைச் சொல்வது பல்தான். தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று ஒரு பழமொழி இருப்பதே, விலை கொடுத்து வாங்கும் மாட்டின் பல்லைக் கட்டாயம் பார்க்கவேண்டும் என்பதற்குச் சான்று. ஆனால், துவிச்சக்கர வண்டி வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அதன் பல்லை எண்ணிப் பார்க்கிறார்கள்? நிறத்தைப் பார்க்கிறோம், பெயரைப் பார்க்கிறோம், மணியை ஒருமுறை அடித்தும் பார்க்கிறோம். வண்டியின் குணம் பெரும்பாலும் அடங்கியிருக்கும் இரண்டு பற்சில்லுகளை மட்டும் பொருட்படுத்துவதில்லை.

மிதிகளோடு சேர்ந்து சுழலும் முன் பற்சில்லைச் சைக்கிள் கடைக்காரர் 'செயின்வீல்' என்பர். பின்சக்கரத்தின் நடுவே பொருந்தியிருக்கும் பின் பற்சில்லைப் 'பிறீவீல்' என்பர். இவ்விரண்டையும் ஒரு சங்கிலி இணைக்கிறது. முன்னது பெரிதாக இருப்பது நல்லதா, சிறிதாக இருப்பது நல்லதா என்பது பி.எம்.எக்ஸ். வண்டி ஓட்டும் இளைஞரிடையே உலகெங்கும் நடைபெறும் ஒரு வழக்கு. அவ்வழக்கு சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் எமது வீட்டு முற்றத்துக்கும் வந்து சேர்ந்தது.

இலண்டனில் வசிக்கும் எமது தம்பி குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் தங்கினான். பதினைந்து வயதான அவனுடைய மகன் தன் பி.எம்.எக்ஸ். வண்டியைக் கழற்றிப் பெட்டியிலிட்டு விமானத்தில் கொண்டுவந்திருந்தான். எமது மகனுக்கு வயது பதினான்கு. அவனிடமும் அதே வகையைச் சேர்ந்த ஒரு வண்டி உண்டு. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாடெங்கும் நெடிய வரிசைகள் நின்ற காலத்தில், சைக்கிளின் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கையில், பழையது ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தோம். அன்று அவன் அதைத் துடைத்துத் துடைத்து வைத்ததை நாம் மறக்கவில்லை.

இரு வண்டிகளும் அருகருகே நிறுத்தப்பட்டன. சக்கரங்கள் இரண்டிலும் இருபது அங்குலமே. ஆனால், வந்த வண்டியின் முன் பற்சில்லு மிகச் சிறிதாக இருந்தது.

"இதென்ன, சிரட்டை அளவுதான் இருக்கு! இதை மிதிச்சு எப்ப போய்ச் சேருறது?" என்றான் எமது மகன்.

"உன்னுடையது சாப்பாட்டுக் கோப்பை மாதிரி இருக்கு. பெரியப்பா, இவ்வளவு பெரிசைச் சுத்த எவ்வளவு பலம் வேணும்!" என்றான் மற்றவன்.

பெரியது விரைவானது என்பது ஒருவன் கட்சி; சிறியது இலேசானது என்பது மற்றவன் கட்சி. வகுப்பறையில் விகிதமும் விகிதசமமும் கற்பிப்பது எமது தொழிலாகையால், தீர்ப்பு வழங்குமாறு இருவரும் எம்மிடமே வந்தனர். தீர்ப்பு வழங்காமல் ஒரு வேலை கொடுத்தோம். மணல் முற்றத்தில் ஒரு கோடு கீறி, இரு வண்டிகளின் பின்சக்கரங்களையும் அக்கோட்டில் நிறுத்தச் சொன்னோம். வண்டியைப் பின்னோக்கி உருட்டினால் மிதியும் கூடவே சுழலும். மிதி சரியாக ஒரு சுற்றுச் சுற்றி முடியும் இடத்தில் இன்னொரு கோடு கீறவேண்டும், அவ்வளவே.

கோடுகள் கீறப்பட்டன. கோப்பை அளவு பற்சில்லுள்ள வண்டி ஏறத்தாழ நான்கு மீற்றரும் நாற்பது சென்ரிமீற்றரும் சென்றிருந்தது. சிரட்டை அளவு பற்சில்லுள்ளது அதைவிட இரண்டு மூன்று விரற்கடை அப்பால் நின்றது. பிள்ளைகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். சிறியது மெதுவாகப் போகும் என்றவனும், பெரியது பாரமாக இருக்கும் என்றவனும் பேச்சின்றி நின்றனர். பிறகுதான் குனிந்து பல்லை எண்ணத் தொடங்கினர்.

எமது மகனின் வண்டியில் முன்னே 44 பல், பின்னே 16 பல். 44ஐ 16ஆல் வகுத்தால் 2.75. மற்றையதில் முன்னே 25, பின்னே 9. வகுத்தால் 2.78. மிதி ஒருமுறை சுற்ற, பின்சக்கரம் இரண்டிலும் ஏறத்தாழ இரண்டே முக்கால் முறை சுற்றுகிறது. முன்னது சிறுத்தபோது பின்னதும் அதே அளவில் சிறுத்துவிட்டது. கண் முன் பற்சில்லை மட்டும் பார்த்தது. கால் அறிவதோ இரண்டுக்குமுள்ள உறவை.

மாணவ நண்பர்கள் இங்கே இன்னொரு பெருக்கலையும் செய்து பார்க்கலாம். 2.75ஐச் சக்கரத்தின் விட்டமாகிய 20 அங்குலத்தால் பெருக்கினால் 55 வரும். இந்த 55 அங்குலத்துக்கு ஒரு பொருளுண்டு. சங்கிலி இல்லாத பழைய காலத்தில், முன்சக்கரம் ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கும் ஒருவகை வண்டி ஐரோப்பாவில் ஓடியது. மிதி அச்சக்கரத்திலேயே பூட்டப்பட்டிருந்ததால், மிதி ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறைதான் சுற்றும். கூடிய தூரம் போக வேண்டுமானால் சக்கரம் பெரிதாக வேண்டும். ஆனால் கால் எட்ட வேண்டுமே! ஆகவே சக்கரத்தின் அளவு ஓட்டுபவரின் காலால் நிருணயிக்கப்பட்டது. 50 அங்குலம் முதல் 56 அங்குலம் வரை வழக்கமாயிருந்தது. 1880ஆம் ஆண்டில் ஹான்ஸ் ரெனோல்ட் உருளைச் சங்கிலியை ஆக்கினார். 1885ஆம் ஆண்டில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி 'ரோவர்' என்னும் தாழ்ந்த வண்டியை வெளியிட்டார். அதன்பின் உயரச் சக்கரம் மறைந்தது. ஆயினும் அதன் அளவு மறையவில்லை. எமது மகன் தன் சின்னஞ்சிறு வண்டியில் 55 அங்குலச் சக்கரத்தின் மேல்தான் கண்ணுக்குத் தெரியாமல் அமர்ந்து போகிறான்.

அப்படியானால், ஒன்றே தூரம் போகும் இரண்டுக்குமிடையே பெரியதென்ன, சிறியதென்ன என்று கேட்கலாம். அதற்கு இவ்வண்டி பிறந்த இடத்தைச் சிறிது அறிதல் வேண்டும்.

பி.எம்.எக்ஸ். என்பது 'பைசிக்கிள் மோட்டோகுறொஸ்' என்பதன் சுருக்கம். அமெரிக்காவில் ஷ்வின் நிறுவனம் 1963ஆம் ஆண்டில் 'ஸ்டிங் ரே' என்னும் இருபது அங்குலச் சக்கர வண்டியை விற்பனைக்கு விட்டது. 1970ஐ அடுத்த ஆண்டுகளில் தென் கலிபோர்னியாவில் சிறுவர்கள் அத்தகைய வண்டிகளில் ஏறி, மோட்டார்ச் சைக்கிள் வீரர்களைப் போல மண் மேடுகளில் பாய்ந்து பந்தயமோடினர். 1971இல் வெளிவந்த 'ஒன் எனி சண்டே' என்னும் மோட்டார்ச் சைக்கிள் பந்தயத் திரைப்படம் அத்தகைய சிறுவர்களைத் தன் தொடக்கத்திலேயே காட்டி, அவ்விளையாட்டை ஊரூராய்ப் பரப்பியது. அன்று முதல் 44க்கு 16 என்பதே பல்லாண்டுகளாக இவ்வண்டிகளின் பொதுவழக்காக இருந்தது.

பின்னர் விளையாட்டு இரண்டாய்க் கிளைத்தது. ஒரு சாரார் பந்தயம் ஓடினர். மற்றொரு சாரார் படிக்கட்டுகளிலும் சுவர் விளிம்புகளிலும் ஏறி, இரும்புக் கைபிடிக் கம்பிகளின் மேல் வண்டியோடு வழுக்கிச் சென்று வித்தை காட்டினர். கம்பியில் வழுக்குகிறவனுக்குக் கீழே தொங்கும் பெரிய பற்சில்லு ஒரு தொல்லை. அது கம்பியில் மோதும், பல் வளையும். 44 பற்சில்லின் விட்டம் 7 அங்குலம். 25 பற்சில்லின் விட்டம் 4 அங்குலம். ஆகவே சிறியதைப் பூட்டினால் அடியில் ஒன்றரை அங்குலம் இடைவெளி கூடக் கிடைக்கிறது. சங்கிலியிலும் பதின்மூன்று கண்ணிகள் அளவில் மிச்சமாகின்றன, பாரமும் குறைகிறது. ஆனால் திருகிப் பூட்டும் சாதாரண பிறீவீலை 13 பல்லுக்குக் கீழே குறைக்க வழியில்லை. பின்சக்கரத்தின் குடத்தையே வேறு விதமாக அமைத்த பின்னர்தான் ஒன்பது பல் இயல்வதாயிற்று. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இம்மாற்றம் வித்தைக்காரரிடையே படிப்படியாகப் பரவியது.

பந்தயக்காரர் பெரியதைக் கைவிடவில்லை. காரணம், சிறியதற்கு ஒரு விலை உண்டு. கதவை விளிம்பில் கைவைத்துத் தள்ளினால் எளிதில் திறக்கிறது. பிணைச்சலுக்கருகே தள்ளினால் கூடிய பலம் வேண்டும். அதுபோலவே, ஒரே காலின் மிதியைக் குறைந்த ஆரையில் ஏந்தும் சங்கிலி கூடிய இழுவையைத் தாங்கவேண்டும். 44ஐ 25ஆல் வகுத்தால் 1.76. அதாவது, சிறிய பற்சில்லில் ஓடும் சங்கிலி ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு இழுவையைச் சுமக்கிறது. பின் பற்சில்லும் சிறிதாகையால் கால் அதை அறிவதில்லை, சங்கிலி அறிகிறது. மேலும், 16 பல்லைச் சுற்றும் சங்கிலி கண்ணிக்கு 22½ பாகை வளைகிறது. 9 பல்லைச் சுற்றுவதோ 40 பாகை வளைகிறது. பல்லும் கண்ணியும் விரைவில் தேய்வதில் வியப்பென்ன?

இன்னுமொன்று. பந்தயக்காரர் தம் காலுக்கும் களத்துக்கும் ஏற்ப விகிதத்தை நுணுக்கமாகத் திருத்த விரும்புவர். 44ஐ 45 ஆக்கினால் மாற்றம் நூற்றுக்கு இரண்டேகால் வீதம். 25ஐ 26 ஆக்கினால் நூற்றுக்கு நான்கு வீதம். நகைக்கடைத் தராசுக்கும் விறகுக்காலைத் தராசுக்குமுள்ள வேறுபாடு போன்றது இது. ஒலிம்பிக் விளையாட்டில் பி.எம்.எக்ஸ். பந்தயம் 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் சேர்க்கப்பட்டது. வித்தைப் பிரிவு 2021இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அவ்வாண்டு பெண்களுக்கான பந்தயத்தில் பெத்தனி ஷ்ரீவரும், வித்தைப் பிரிவில் சார்லொட் வேர்திங்ரனும் தங்கம் வென்றனர். இருவரும் பிரித்தானியாவைச் சேர்ந்தவர்களே. நாடும் ஒன்று, சக்கரத்தின் அளவும் ஒன்று. தொழில் மட்டும் வேறு.

இவ்வளவும் அறிந்த பின்பும் எமது வீட்டு வழக்கு முடியவில்லை. ஒரு வாரம் சென்றதும் மகன் எம்மிடம் வந்து, தன் வண்டிக்கும் சிறிய பற்சில்லு வேண்டும் என்றான். ஏனென்று கேட்டோம். "சும்மாதான், அப்பா" என்றான். அந்தச் 'சும்மா'வின் பொருள் எமக்கு விளங்காமலில்லை. ஒழுங்கையில் இரு வண்டிகளும் ஒன்றாய்ப் போகும்போது அயற்பிள்ளைகள் எதைச் சூழ்ந்து நின்றார்கள் என்பதை நாமும் கண்டிருந்தோம். தன் வண்டியை அவன் துடைப்பதும் நின்றிருந்தது. வெளிநாட்டு உறவு வந்து போகும் வீடுகளிலெல்லாம் இது நிகழ்கிறது. வருபவர் மனத்தில் எவ்விதப் பெருமையும் இல்லாவிட்டாலும், அவர் பெட்டியைத் திறந்தவுடன் வீட்டிலிருக்கும் பொருள்கள் ஒரு சுற்றுச் சிறுத்துவிடுகின்றன. பொருள் சிறுத்தால் போகட்டும்; அதை வைத்திருக்கும் பிள்ளையும் தன்னைச் சிறியவனாக எண்ணத் தொடங்குகிறான். பற்சில்லைவிட எமக்கு அதுவே கவலையாயிற்று.

அவனை அழைத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குச் சென்றோம். முன் பற்சில்லை மட்டும் மாற்றித் தரலாம் என்றார் கடைக்காரர். ஒன்பது பல் வேண்டுமானால் பின்சக்கரத்தையே மாற்றவேண்டும். அதையும் கொழும்பிலிருந்து தருவிக்கவேண்டும். அந்தச் செலவு எமது மாதச் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கை விழுங்கும். "முன்னால மட்டும் மாத்தினால் என்ன?" என்று மகன் கேட்டான். வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்துச் சொல்லும்படி கூறினோம்.

அவன் பார்த்தான். 25ஐ 16ஆல் வகுத்தால் 1.56. மிதி ஒரு சுற்றில் வண்டி இரண்டரை மீற்றர்தான் போகும். அவன் கல்லூரி ஐந்து கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. இப்போது அவன் ஏறத்தாழ 1,140 முறை மிதியைச் சுற்றிக் கல்லூரிக்குப் போகிறான். முன் பற்சில்லை மட்டும் மாற்றினால் 2,005 முறை சுற்றவேண்டும். கொப்பியில் எழுதிய அந்த எண்ணை அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது திண்ணையில் இருந்த எமது தாயார், "உங்கட அப்பப்பாவும் ஒருக்கால் பல்லு மாத்தினவர்தான், முன்னுக்கில்லை, பின்னுக்கு" என்றார். பேரப்பிள்ளைகள் இருவரும் திரும்பிப் பார்த்தனர்.

1990ஆம் ஆண்டுக்குப் பின் வடபுலத்துக்குப் பெற்றோலும் மண்ணெண்ணெயும் வருவது அருகியபோது, சைக்கிளே எமக்கு வண்டியும் லொறியும் ஆயிற்று. வானொலி கேட்பதற்குக்கூடச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் மிதியைச் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்த காலம் அது. எமது தந்தையார் விறகும் நெல் மூட்டையும் ஏற்றவேண்டியிருந்ததால், தம் வண்டியின் பின் பற்சில்லைக் கழற்றிவிட்டுப் பெரியது ஒன்றைப் பூட்டினார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் புறப்பட்ட இரவில், எமது பாட்டியாரையும் ஒரு பெட்டியையும் சுமந்து தென்மராட்சிக்கு வந்தது அந்த வண்டிதான். சன நெருக்கடியில் பெரும்பகுதி உருட்டியே வந்தோம். நெருக்கடி குறைந்த இடங்களில் தந்தையார் பாட்டியாரை வைத்து மிதித்தார். நாம் அப்போது மகனிலும் சிறிதே மூத்த பையன். பக்கத்தில் நடந்து வந்தோம்.

அந்த வண்டி இன்னும் எமது கொட்டிலில் நிற்கிறது. பிள்ளைகள் இருவரும் போய்த் தூசியைத் துடைத்துப் பல்லை எண்ணினர். முன்னே 44. பின்னே 22. சக்கரம் 28 அங்குலம். ஒரு நிமிடத்தில் கூச்சலிட்டுக்கொண்டு ஓடி வந்தான் எமது மகன். 44ஐ 22ஆல் வகுத்தால் 2. அதை 28ஆல் பெருக்கினால் 56! தன்னுடையது 55, இலண்டன் வண்டி 55½, அப்பப்பாவின் வண்டி 56. ஒன்று கம்பியில் வழுக்குவதற்கு, ஒன்று கல்லூரிக்குப் போவதற்கு, ஒன்று பாட்டியாரைச் சுமப்பதற்கு. மூன்றும் ஓரங்குல வேறுபாட்டுக்குள் வந்து நிற்கின்றன. மனிதக் கால் ஒன்றுதானே!

கணக்கு எமக்குத் தெரிந்ததே. இப்பொருத்தம் எமக்கும் புதிது. நாம் ஒன்றும் கூறவில்லை. முடிவை மகனிடமே விட்டோம்.

இரண்டு நாள் கழித்து அவன் கூறிய முடிவை எவரும் எதிர்பார்க்கவில்லை. முன் பற்சில்லு 44 அப்படியே இருக்கட்டும். பின்னே 16க்குப் பதிலாக 18 வேண்டும் என்றான். ஏனெனில் அவன் கல்லூரிப் பாதை தென்மேற்கு நோக்கிச் செல்கிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் காலையில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. 18 பூட்டினால் மிதியின் பாரம் ஒன்பதில் ஒரு பங்கு குறையும்; சுற்றுகள் 1,280 ஆகும். அவ்வளவும் தன்னால் சுற்றமுடியும் என்றான். 18 பல் பிறீவீல் எங்கள் பக்கத்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது, விலையும் குறைவு. மிஞ்சிய பணத்தில் புதிய சங்கிலியும் பிறேக் கட்டைகளும் வாங்கிக் கொடுத்தோம்.

தம்பி மகன் தன் சிறிய பற்சில்லோடு இலண்டன் திரும்பினான். அவனுடைய கம்பிக்கும் படிக்கட்டுக்கும் அதுவே பொருத்தம். அங்கே தெருவில் ஓட அவனுக்கு அனுமதி இல்லையாம், பூங்காவில் மட்டும்தான். எமது மகன் பெரிய வீதியில் ஐந்து கிலோமீற்றர் தனியே போய் வருவதைப் பற்றி அவன் தன் தகப்பனிடம் பலமுறை சொன்னதாகப் பின்னர் அறிந்தோம். யார் யாரைப் பார்த்து ஏங்கினார் என்பது எளிதில் வகுத்துக் காணக்கூடிய கணக்கன்று.

பிள்ளைகளுக்கு வண்டி வாங்கவிருக்கும் பெற்றோருக்கு ஒரு சொல். கடையில் முன் பல்லை எண்ணுங்கள். பின் பல்லை எண்ணுங்கள். வகுத்துச் சக்கரத்தின் அங்குலத்தால் பெருக்குங்கள். விடை 55ஐ ஒட்டி வந்தால் சமதரையில் ஒரு பிள்ளை தாராளமாக ஓடலாம். மேடும் காற்றும் மிகுந்த இடமானால் சிறிது குறையட்டும். பெரிய பற்சில்லா, சிறிய பற்சில்லா என்பதை, வண்டி எங்கே ஓடப்போகிறது, தேய்ந்த பல்லுக்கு மாற்றுப் பல் எங்கே கிடைக்கும் என்பவற்றைக் கேட்டபின் தீர்மானிக்கலாம். முடியுமானால் அந்த வகுத்தலைப் பிள்ளையிடமே கொடுங்கள்.

எமது மகன் இப்போது கல்லூரிச் சைக்கிள் கொட்டகையில் நிற்கும் வண்டிகளின் பல்லையெல்லாம் எண்ணித் திரிகிறானாம். வகுப்பாசிரியர் முறைப்பாடு செய்தார். வண்டியைத் துடைக்கும் பழைய துணி மீண்டும் கொடியில் காய்கிறது.